ஸ்டெப்னி

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் முடிந்து பூபேஷ் ஓசூருக்குப் போய்விட்டான். போனவன் சும்மா போகவில்லை. முன்னறையில் தன்னுடைய கம்ப்யூட்டரை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். "அப்பாவுக்குப் பொழுது போகட்டும்மா" என்றான். அப்பாவுக்குப் பொழுது போகிறது, எனக்குத்தான் இடம் போய்விட்டது. தையல் மெஷின் இப்போது சமையலறை வாசலில் நிற்கிறது. போகும்போதும் இடிக்கிறேன், வரும்போதும் இடிக்கிறேன்.

இந்த டைரி, லாரி பாடி கட்டும் கம்பெனியில் வருஷா வருஷம் அவருக்குக் கொடுப்பது. அவர் இதில் ஒரு வரி எழுதியதில்லை. அங்கன்வாடியில் பிள்ளைகளின் எடை எழுதி, முட்டைக் கணக்கு எழுதிக் கை பழகிவிட்டதால் நான் எழுதுகிறேன். வீட்டில் இருப்பவரைப் பற்றி வீட்டில் இருப்பவரிடமே எப்படிப் புலம்புவது?

வீட்டில் இருப்பவர் என் வீட்டுக்காரர் அர்த்தநாரி. நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். எழுபது கொண்டை ஊசி வளைவு. பூபேஷ் பிறப்பதற்கு முன்னாலிருந்து அதே ரோடு, அதே முதலாளி. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், மலையை விட்டு இறங்கிக் காரவள்ளிக்குப் பக்கத்தில் வரும்போது, இடது ஓரம் நின்றிருந்த பால் வண்டியில் பஸ்ஸை உரசிவிட்டார். ஆளுக்கு ஒன்றும் இல்லை, பால்தான் ரோட்டோடு போயிற்று. "அது எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல தங்கா, தாவி வந்து நிக்குது" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதலாளி நல்ல மனிதர். "கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுங்க அர்த்தநாரி. அப்பறம் கண்ணு டெஸ்ட் பண்ணி ஒரு சர்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வாங்க. வண்டி உங்களுதுதான்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மனுஷன் வீட்டில். நான் தோசை ஊற்றினால் பின்னால் நின்றுகொண்டு "இன்னும் கொஞ்சம் ஒடிச்சு ஊத்து" என்று ஸ்டியரிங் பாஷையில் சொல்கிறார்.

ஜனவரி 21, செவ்வாய்

கம்ப்யூட்டரில் இருப்பது பஸ் ஓட்டும் விளையாட்டு. மேசையில் மாட்டுகிற ஸ்டியரிங்கும், காலுக்குக் கீழே பிரேக்கும் உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் கொல்லிமலை ரோட்டை அப்படியே செய்து போட்டிருக்கிறானாம். வளைவுக்கு வளைவு நம்பர் பலகை. குரங்குகூட உட்கார்ந்திருக்கிறது.

உட்காருவதற்கு முன் செருப்பைக் கழற்றுகிறார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். இன்று காலை பார்த்தால் மானிட்டரின் மூலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. சட்னிக்கு எடுத்து வைத்த மிளகாய்.

"பொம்மை பஸ்ஸுக்கு எதுக்குங்க திருஷ்டி?" என்றேன்.

"பஸ்ஸு பொம்மை, ரோடு பொம்மையில்ல" என்றார். வேறு மிளகாய் வாங்கி வந்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

காலையிலிருந்து ஒரே சத்தம். படம் திக்குகிறதாம். நேரான ரோட்டில் ஒழுங்காகப் போகிறது. வளைவில் திருப்பும்போது நாலைந்து வண்டி எதிரில் வந்தால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. அப்புறம் ஒரு குதி குதித்து வேறு இடத்தில் போய் நிற்கிறது. அதற்குள் பஸ் பள்ளத்தில். மதியச் சாப்பாட்டுக்குள் எத்தனை பயணிகளைக் கொன்றார் என்று அவருக்கே தெரியாது.

பூபேஷுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்ததால் எனக்கும் கேட்டது.

"அப்பா, அதுல எட்டு ஜிபி ரேம்தான் இருக்குது. இந்த கேமுக்குப் பத்தாது. புதுசு அனுப்பறேன். பழசைக் கழட்டிட்டு அதை மாட்டுங்க. பழசை எனக்கே அனுப்பிடுங்க, ஃபிரெண்டுக்கு வேணும்."

"நீ வரணுமா, நானே மாட்டிக்கலாமா?"

"பஸ் இன்ஜினையே கழட்டி மாட்டுனவரு. இது ஸ்கேல் மாதிரி ஒரு துண்டுப்பா. அழுத்துனா டக்குனு உக்காந்துக்கும்."

ரேம் என்பது கம்ப்யூட்டர் அவ்வப்போது வேண்டியதை எடுத்துப் பரப்பி வைத்துக்கொள்ளும் இடமாம். சமையல் மேடை மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். மேடை சின்னதாக இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு சமைப்பவள் நான்.

பிப்ரவரி 1, சனி

கூரியர் வந்தது. உள்ளே பச்சை நிறத்தில் இரண்டு துண்டு. இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல. அவர் பூஜை அறையில் வைத்து எடுத்து, கம்ப்யூட்டரின் பக்கக் கதவைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டு ஒன்றை மாட்டினார். இன்னொன்றை மஞ்சள் துணியில் சுற்றி, பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தார்.

"அது எதுக்குங்க அங்க?"

"ஸ்டெப்னி. மலையில டயர் போச்சுன்னா யார் வந்து குடுப்பா? பையன் விவரமா ரெண்டு அனுப்பிச்சிருக்கறான் பாரு. நீ தொடாத."

அடுப்பில் பால் இருந்தது. எனக்கு இதைப் பற்றியெல்லாம் பேச நேரமில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

திக்கல் நிற்கவில்லை. பூபேஷ் சொன்னபடி படத்தின் தரத்தைக் குறைத்தார். முதலில் மரங்கள் போயின. பிறகு நிழல் போயிற்று. கொல்லிமலை மொட்டை அடித்த தலையாக நிற்கிறது. அப்போதும் வளைவில் திக்குகிறது. கடைசியாக எதிரில் வரும் வண்டிகளை எல்லாம் எடுத்துவிட்டார். நன்றாக ஓடிற்று.

"ஆளே இல்லாத ரோட்டுல ஓட்டறதுக்குப் பேரு டிரைவிங்கா? ஊரடங்குல போலீஸ் ஜீப் ஓட்டற மாதிரி இருக்குது" என்று சொல்லி எல்லா வண்டிகளையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். திக்கலும் திரும்ப வந்துவிட்டது. எனக்குத் தலைவலி.

பிப்ரவரி 9, ஞாயிறு

பரமத்தி ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைக்காரரை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். வந்தவர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திரையை ஒரு பார்வை பார்த்தார், காபி குடித்தார், தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பிராசசர் பழசுங்க. இதுல கோர் பத்தாது. எட்டு கோர் போட்டா பறக்கும். ஆனா அது இந்த போர்டுல உக்காராது, போர்டு மாத்தோணும். போர்டு மாத்துனா ரேமும் வேற மாத்தோணும்."

சட்டைக்குப் பட்டன் தைக்கப் போனால் சட்டையையே மாற்றச் சொல்கிற ஆள். அவர் போனதும் நான் பூபேஷைக் கூப்பிட்டேன். இவர் மாடியில் இருந்தார்.

"அம்மா, அவன் பேச்சைக் கேக்காதீங்க. பிராசசர் நல்லாத்தான் இருக்குது. பிராசசர் டிரைவர்னு வெச்சுக்கங்க, ரேம்தான் ரோடு. டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் ஒத்தை ரோட்டுல எதிர்ல வண்டி வந்தா நின்னுதான் போவோணும். ஒரு ரேம் போட்டா ஒத்தை ரோடு. ரெண்டு போட்டா டபுள் ரோடு. நம்ம கம்ப்யூட்டர்ல கிராபிக்ஸ் கார்டு தனியா இல்ல, பிராசசருக்குள்ளயே இருக்குது. படம் வரையறதும் அந்த ரோட்டுலதான், எதிர்ல வர்ற வண்டிங்களுக்குக் கணக்குப் போடறதும் அந்த ரோட்டுலதான். அதனாலதான் ஜோடியா அனுப்பிச்சேன். தனி கார்டு இருந்தா இவ்வளவு அடி விழாது. ரெண்டும் மாட்டியாச்சு இல்லம்மா?"

"அப்பாதான் மாட்டுனாரு" என்றேன்.

"அப்ப வேற என்னவோ. ஷிஃப்ட் மாறினதும் நானே வந்து பாக்கறேன்."

போனை வைத்துவிட்டுப் புளி கரைத்தேன். பீரோ சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. அதில் எழுத ஒன்றுமில்லை. ரசம் கொஞ்சம் உறைப்பு.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று பீரோவைத் திறக்க வேண்டிய வேலை எதுவும் வரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அங்கன்வாடியில் இன்று எடை போடும் நாள். பிள்ளைகளைத் தராசில் நிற்கவைப்பதற்குள் என் எடை குறைந்துவிடும். வீட்டுக்கு வந்தால் இவர் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மெஷின் மேல தப்பில்லைன்னு பையன் சொல்றான். ரேமு புதுசு, பிராசசர் நல்லாயிருக்குதுங்கறான். அப்ப தப்பு எங்க? என் கைதான் மந்தமாயிருச்சு தங்கா. நான் பிரேக் போடறதுக்குள்ள எல்லாம் தாவி வந்து நிக்குது. பால் வண்டியும் இப்படித்தான் தாவுச்சு."

"வயசாகுதில்லைங்க" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை, வயது ஆகத்தானே செய்கிறது. முதலாளியிடம் போகிற பேச்சைத் தள்ளிப்போட்டுவிட்டார். இதுவும் நல்லதுக்குத்தான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாயங்காலம் நான் செய்த வேலை ஒன்றுதான். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் எங்கள் தெருமுனையில் இரண்டு ஹாரன் அடிப்பார். அது கேட்டால்தான் உலை வைப்பேன். மழை நாளில் அந்த ஹாரன் தாமதமானால் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடப்பேன். அருவிப்பக்கம் மண் சரிந்த அன்று ராத்திரி முழுக்க வாசலிலேயே நின்றேன். இந்த மூன்று மாதமாக நேரத்துக்கு உலை வைக்கிறேன், நேரத்துக்குத் தூங்குகிறேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன், இதில் என்ன குற்றம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தோசை ஊற்றினேன். பின்னால் வந்து நிற்கவில்லை. கோணலாகவே ஊற்றிப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 20, வியாழன்

சவரம் செய்வதில்லை. எலுமிச்சம்பழம் காய்ந்து தொங்குகிறது, மாற்றவில்லை. இன்று அங்கன்வாடியிலிருந்து நான் கொண்டுவந்த இரும்பு ஸ்கேலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"மேல புடிச்சுக்க. சொல்லாம உடு. நான் கீழ புடிக்கறேன்."

விட்டேன், பிடித்தார். மறுபடி விட்டேன், மறுபடியும் பிடித்தார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏமாற்றி விட்டேன், அப்போதும் பிடித்தார். ஸ்கேல் இரண்டு விரல் இறங்குவதற்குள் பிடித்துவிடுகிறார். பிறகு அவர் விட்டார், நான் பிடித்தேன். எனக்கு ஒவ்வொரு தடவையும் தரையில்தான் விழுந்தது.

"பாருங்க, உங்க கைக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

"நீ மெதுவா உடற. என்னையப் பாவம் பாத்து."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கண்ணெதிரில் ஸ்கேலைப் பிடிக்கிற மனுஷன் தன் கையை நம்பமாட்டேன் என்கிறார், அந்தத் தகர டப்பா சொல்வதை நம்புகிறார். ஸ்கேலைத் தூக்கி எறிந்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். ஒரு சட்டையை இருமுறை துவைத்திருக்கிறேன், காயப்போடும்போதுதான் தெரிந்தது. அவருடைய காக்கிச் சட்டை. மூன்று மாதமாகப் போடாத சட்டை அழுக்குக் கூடையில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. போட்டுப் பார்த்திருப்பார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

முதலாளிக்கு இவரே போன் செய்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"மலை வண்டிக்கு வேற ஆளைப் போட்டுக்கங்க முதலாளி. இல்லைங்க, சர்டிபிகேட்டெல்லாம் வேண்டாமுங்க. என்னால ஆகாதுங்க. கை போயிருச்சுங்க. ஆமாங்க. சந்தோசமுங்க."

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் ஒயர்களைப் பிடுங்க ஆரம்பித்தார். பையனிடம் திருப்பிக் கொடுத்துவிடலாமாம். ஸ்டியரிங்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கழற்றிய ஆணியைத் தேடுகிறவர்போல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

நான் வேண்டியது இதைத்தானே. அப்புறம் ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை? வெங்காயம் உரித்ததுதான் காரணமாக இருக்கும்.

பிப்ரவரி 24, திங்கள்

பட்டுப்புடவைக்கு வெயில் காட்டி ரொம்ப நாளாயிற்று என்று பீரோவைத் திறந்தேன். அப்போதுதான் அந்த மஞ்சள் துணி கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"இதையும் மாட்டிப் பாருங்க."

"அது ஸ்டெப்னி தங்கா."

"ஸ்டெப்னியோ கிப்னியோ, பையனைக் கேளுங்க."

பூபேஷுக்குப் போன் போனது. ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னார்.

"அப்பா, ரெண்டும் மாட்டியாச்சுன்னீங்களே?"

"மாட்டியாச்சுன்னுதான் சொன்னேன். ரெண்டும்னு நீயா நெனச்சுக்கிட்ட."

"பீரோவுலயாப்பா வெச்சீங்க?"

"ஸ்டெப்னி இல்லாம எவன்டா மலையேறுவான்?"

பையன் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. பிறகு எந்தப் பள்ளத்தில் மாட்ட வேண்டும் என்று சொன்னான். ஒன்று விட்டு ஒன்று மாட்டினால்தான் டபுள் ரோடாம். இவர் மாட்டினார். ஒயர்களை எல்லாம் திரும்பச் சொருகி, காய்ந்துபோன எலுமிச்சம்பழத்தை எறிந்துவிட்டுப் புதுசு கட்டி, மரம், நிழல், எதிர்வண்டி எல்லாவற்றையும் திரும்ப வைத்து, மலைமேல் இருக்கிற செம்மேட்டிலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தார்.

நான் காபியோடு பின்னால் நின்றேன். அந்த ஓட்டத்தை என்னவென்று எழுதுவது? திக்கல் இல்லை, குதி இல்லை. எண்ணெய் விட்ட மாதிரி போகிறது. வளைவுக்கு முன்னால் கியர் குறைத்து, எதிரில் லாரி வந்தால் நின்று வழிவிட்டு, ஒரு கையால் மீசையைத் தடவிக்கொண்டு இறங்குகிறார். இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டி நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் காதால்தான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு அழகாக ஓட்டுகிறார் இந்த மனுஷன்.

"பார்த்தியா தங்கா, கை கையாத்தான் இருக்குது. நாளைக்கே முதலாளியைப் பாக்கறேன்" என்றார். சரி, இனி சாயங்காலம் காதைத் தீட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

எல்லா வளைவும் இறங்கி நேர் ரோட்டுக்கு வந்தாயிற்று. இடது ஓரம் புளியமரத்தடியில் ஒரு ஆட்டோ நின்றிருந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது. மெதுவாக ரோட்டுக்கு ஏறியது. இவர் வேகத்தைக் குறைப்பார் என்று பார்த்தேன். குறைக்கவில்லை. நேராகப் போய் இடித்தார்.

"சனியன், மறுபடியும் தாவுது பாரு" என்று மேசையில் தட்டினார்.

"தாவலைங்க. அது அப்பவே அங்கதான் நின்னுது."

"எங்க நின்னுது?"

"மரத்தடியில. நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

"நான் பாக்கலையே."

திரும்ப ஓட்டினார். இந்த முறை இடது ஓரம் ஒரு கிழவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கும் அதே கதி. வலது பக்கம் வந்த ஒன்றுகூட அவர் பார்வைக்குத் தப்பவில்லை, எல்லாவற்றுக்கும் பிரேக் சரியாக விழுந்தது. படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. இனி மெஷினைச் சொல்லவும் வழியில்லை.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் இடது பக்கம் போய் நின்றேன். "நேரா ரோட்டையே பாருங்க, திரும்பாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கையை ஆட்டினேன்.

"ஆட்டறேன், தெரியுதுங்களா?"

"எதை ஆட்டற?" என்றார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை. இட்லி மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் வீணாயிற்று.

பிப்ரவரி 28, வெள்ளி

சேலத்துக் கண் ஆஸ்பத்திரி. சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். சர்டிபிகேட் கொடுப்பவர்கள் இதைத்தான் பார்ப்பார்களாம். இதோடு நின்றிருந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்கள், அவரும் மலையேறியிருப்பார்.

டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணில் மருந்து விட்டு, விளக்கு வைத்துப் பார்த்து, பிறகு ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார். உள்ளே அங்கங்கே வெளிச்சப் புள்ளி வருமாம், தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டுமாம். "இதுவும் கேம்தானுங்களா? இதுக்கு ரேமு எத்தனைங்க?" என்று இவர் கேட்டார். நர்ஸ் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கண்ணுக்குள் நீர் அழுத்தம். கிளாக்கோமா என்று பெயர். வலி இருக்காது, எழுத்து மங்காது, பக்கவாட்டில் மட்டும் ஓசைப்படாமல் தின்றுகொண்டே வருமாம். இடது கண்ணில் நிறையப் போய்விட்டது, வலது கண்ணிலும் அதே பக்கம் ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் இடப்பக்கம் இருப்பது தெரிவதில்லை. நடுவுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. தாவி வந்த மாதிரி இருக்கிறது.

"போனது வராதுங்க. இருக்கறதைச் சொட்டு மருந்தால காப்பாத்திக்கலாம். ஒரு நாள்கூட விடக்கூடாது" என்றார் டாக்டரம்மா. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பொதுவா யாருக்குமே தெரியாதே" என்று கேட்டார்.

"ஸ்டெப்னியை மாட்டினோமுங்க" என்றார் இவர். டாக்டரம்மாவுக்கு அதை விளக்க எனக்குத் தெம்பில்லை.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கும்" என்றார். முன்னாடி என்றால் எவ்வளவு முன்னாடி என்று நான் கேட்கவில்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியில் வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து, இடது பக்கம் நான் உட்கார்ந்தேன். ஊர் வந்து சேரும்வரை எங்கள் பஸ் டிரைவரை ஒரு குறை விடாமல் திட்டிக்கொண்டே வந்தார்.

மார்ச் 2, ஞாயிறு

முதலாளியை நேரில் போய்ப் பார்த்தார். நானும் போனேன். முதலாளி இன்னும் நிரந்தரமாக ஆள் போடவில்லையாம். "எழுத்துப் படிக்கிற டெஸ்ட்ல பாஸ் ஆயிட்டீங்கன்னு சொல்றீங்க. அந்தச் சர்டிபிகேட்டையே குடுங்களேன், பகல் டிரிப்பு மட்டும் ஓட்டுங்க" என்று இழுத்தார்.

"வேண்டாமுங்க முதலாளி. இடப்பக்கம்தானுங்க ஜனம் ஏறும், எறங்கும். எனக்கு அந்தப் பக்கமே இல்லைங்க" என்றார் இவர். தன்னிடமிருந்த இன்னொரு பஸ் சாவியை மேசைமேல் வைத்தார்.  

ஷெட்டில் புது டிரைவர்களுக்கு வண்டி பழக்குகிற வேலை தருகிறேன் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். யோசிப்பதாக இவர் சொன்னார். திரும்பி வரும்போது தெருமுனையில் நின்று, "இங்கதான் ஹாரன் அடிப்பேன்" என்று புதுசாக யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத் தெரியாதாக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் சொட்டு மருந்து போடுவதற்குள் ஒரு பாரதப் போர். கண்ணைத் திற என்றால் வாயைத் திறக்கிறார்.

மருந்து போட்டு முடித்ததும் கம்ப்யூட்டரைப் போட்டார். போடமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். செருப்பைக் கழற்றினார், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றும்போது கொஞ்சம் நேரம் எடுத்தது.

நான் தையல் மெஷினின் ஸ்டூலை இழுத்துப்போட்டு இடது பக்கம் உட்கார்ந்தேன்.

"என்ன?" என்றார்.

"லெஃப்ட்டை நான் பாத்துக்கறேன். நீங்க ஓட்டுங்க."

திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கிற சாமியின் பெயரை மாமியார் இவருக்கு வைத்தார். பாதி ஆண், பாதி அம்மன், இடது பாதிதான் அம்மன். இடப்பக்கம் என் தலையில்தான் விடியும் என்று அன்றைக்கே எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. சமையல் வேலை அப்படியே கிடக்க, நான் ஆட்டோ வருகிறது, ஆடு வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சொல்வதிலும் குறை. "கண்டக்டர் இப்படி வாய்க்குள்ள மொணமொணங்கக் கூடாது. கடைசி சீட்டுக்குக் கேக்கோணும்" என்கிறார். சத்தமாகச் சொன்னால், "காதுகிட்டக் கத்தாத, கை பதறுது" என்கிறார். எந்த மனுஷி இவரோடு டிரிப் அடிப்பாள்?

பாதி மலை இறங்கியிருப்போம். ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல் கேட்டார்.

"ஏந்தங்கா, அந்த ஸ்டெப்னியை மாட்டாததுதான் கோளாறுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமில்ல?"

நான் திரையைப் பார்த்தேன்.

"லெஃப்ட்ல பால் வண்டி நிக்குதுங்க" என்றேன்.

பிரேக்கை மிதித்தார். நிதானமாக வலது பக்கம் ஒதுக்கி, பால் வண்டிக்கு இடம் விட்டுக் கடந்து போனார்.

"இருக்குதா, தாண்டியாச்சா?" என்றார்.

"தாண்டியாச்சு. ரைட், போலாம்" என்றேன்.

அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. கீழே இறங்கி நாமக்கல்லுக்கு வந்து சேர்ந்ததும் ஸ்டியரிங் நடுவில் இருக்கிற ஹாரன் பட்டனை இரண்டு முறை அழுத்தினார். எழுந்துபோய் உலை வைத்தேன்.